அமாவாசை மாமாவின் இரண்டு பெட்டிகள்

பானுப்ரியாவுக்குப் பாட்டுகளின் அடிப்பாகம் மட்டும்தான் தெரியும்.

அது அவள் குற்றமில்லை, சுவரின் குற்றம். அரியலூரில் அவர்கள் குடிவந்த வீட்டுக்கும் பக்கத்துக் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். சாயங்காலமானால் அந்தக் கொட்டகையில் ஓர் இன்னிசைக் குழு பாடிப் பழகும். பாடுகிறவர் குரல், கீபோர்டு, தபேலா எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். ‘தும்... தும்... துதும்...’ என்ற கனத்த ஓசை மட்டும் சுவரைத் தாண்டி, தரையில் ஊர்ந்து, அவள் உட்கார்ந்திருக்கும் பாய்க்கு வந்து சேரும்.

அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போயிருப்பார். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடிந்து, இருட்டிய பிறகுதான் வருவார். பானுப்ரியா கதவைச் சாத்திக்கொண்டு, டம்ளரில் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, ‘தும் துதும்’ வருவதற்காகக் காத்திருப்பாள்.

அவர்கள் குரும்பலூரிலிருந்து வந்தது பள்ளி வருடத்தின் பாதியில். ஆறாம் வகுப்பில் எல்லோரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் அவள் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. யாரும் அவளைக் கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான். சில நாட்களில் பள்ளியில் அவள் வாயைத் திறந்து சொன்ன ஒரே சொல் “உள்ளேன், டீச்சர்!” என்பதாகத்தான் இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் கொட்டகை வாசலில் ஒருவர் தோளில் நீளமான பையோடு பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பானுப்ரியா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

“மாமா, நேத்து அந்த தும்-துதும்-தும் பாட்டு நடுவுல ஏன் நின்னுபோச்சு?”

அவர் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

“அது நான் வாசிக்கிறதாச்சே! அது உனக்குக் கேக்குதா பாப்பா?”

“அது மட்டும்தான் மாமா கேக்குது.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்.

“எத்தனையோ ஊர்ல வாசிச்சிருக்கேன். பாட்டு நல்லாருக்கும்பாங்க, தபேலா நல்லாருக்கும்பாங்க. நான் வாசிச்சது கேட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல!”

அவர் பெயர் அமாவாசை. பகலில் சைக்கிள் கடையில் வேலை. அவளை உள்ளே கூப்பிட்டு, பையிலிருந்து எடுத்து ஒயரை மாட்டிக் காட்டினார். அதுதான் பேஸ் கிட்டார். நாலே நாலு கம்பிகள், ஒவ்வொன்றும் அவள் காதுக்கம்மல் கம்பியைப் போலப் பத்து மடங்கு தடிமன். அவள் ஒன்றைச் சுண்டினாள். பெரிய ஸ்பீக்கர் பெட்டி, முகத்துத் துணிக்குப் பின்னால் கறுப்புத் தாள் வெளியேயும் உள்ளேயுமாகத் துடிக்க, ‘தும்ம்’ என்று பதில் சொன்னது.

அன்று முதல் அவளுக்கு அரியலூரில் பேச ஒருவர் கிடைத்தார்.

மாசி மாதத்தில் அமாவாசை மாமா ஒரு புது ஸ்பீக்கர் பெட்டியும், அதற்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். புதுசு என்றால் அவருக்குப் புதுசு. பெரம்பலூரில் கலைந்துபோன ஒரு குழுவினுடையது. பஸ் கூரைமேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கே மாமா?”

“அது வூட்டுக்குள்ளதான் முழங்கும். திறந்தவெளிக்குப் போனா, பல்லுவலிக்காரன் மாதிரி முணுமுணுக்கும். போன கச்சேரியில முன் வரிசைக்கே கேக்கல. இப்ப கிட்டார் ஒயரை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு ஆம்ப்ளிஃபயருக்கும் குடுக்கப் போறேன். பழைய பெட்டியில கனமான சத்தம், புதுப் பெட்டியில தெளிவான சத்தம். ஒண்ணு வயித்துக்கு, இன்னொண்ணு காதுக்கு!”

அந்த ஞாயிற்றுக்கிழமை குழு முழுவதும் கூடியது. பானுப்ரியா பாயில் உட்கார்ந்து காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். தரை சும்மாவே கிடந்தது.

மாமா இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அமாவாசை மாமா உள்ளேதான் இருந்தார். வேர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டிகளும் அவர் பின்னால் பக்கம் பக்கமாக நின்றன. ஆனால் ‘தும்’ எங்கே? கொசு ரீங்காரம் போல ‘நொய் நொய்’ என்று மட்டும் ஏதோ கேட்டது.

கீபோர்டு வாசிக்கிற அண்ணாதுரைதான் குழுவின் தலைவர். அவர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார்.

“அமாவாசை, என்னப்பா வாசிக்கிற? ஒண்ணுமே கேக்கல.”

“ரெண்டு ஆம்ப்ளிஃபயரையும் முழுசா வச்சிருக்கேண்ணே.”

“வச்சு என்ன பிரயோஜனம்? திருமழபாடித் திருவிழா வெள்ளிக்கிழமை. சரிபண்ணு. இல்லன்னா நான் கீபோர்டுல இடது கையாலேயே பேஸ் வாசிச்சுக்கறேன். இப்பல்லாம் நெறையக் குழுவுல அப்படித்தான். நீ கோவிச்சுக்காத.”

எல்லோரும் போனபிறகும் அமாவாசை மாமா கிட்டாரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பானுப்ரியா உள்ளே போனாள்.

“மாமா, ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க.”

பழைய பெட்டியை மட்டும் போட்டார். தும்! கால் குறுகுறுத்தது. புதுப் பெட்டியை மட்டும் போட்டார். கொஞ்சம் மெல்லிசு, ஆனால் தும்! இரண்டையும் சேர்த்துப் போட்டார். நொய்.

“ரெண்டு பேரு சேர்ந்து தூக்குனா பாரம் லேசாகணும். இங்க ரெண்டும் சேர்ந்தா ஆளையே காணோமே!” என்று மாமா தலையைச் சொறிந்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். “விடு பாப்பா. அவரே வாசிக்கட்டும். யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்” என்றாள் பானுப்ரியா. அதை அவள் மிக மெதுவாகச் சொன்னதால் அவர் காதில் விழவில்லை.

மறுநாள் பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் கயிறு தாண்டும் ஆட்டம் ஆரம்பமானது. புவனேஸ்வரி ஒரு முனை, அனிதா மறுமுனை. மற்றவர்கள் வரிசையில். பானுப்ரியா வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அனிதாவின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவள் அதை விரட்டப்போய் சுற்றுவது தப்பிவிட்டது. புவனேஸ்வரி கை மேலே போனபோது அனிதா கை கீழே போனது. அதுவரை உயர உயரச் சுழன்ற கயிறு, நடுவில் சட்டென்று அடங்கித் தொங்கியது.

பானுப்ரியா எழுந்து நின்றுவிட்டாள். ரெண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நடுவில் ஒன்றுமே இல்லை!

இன்னொரு தடவை அதைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும். வேப்பமரம் ரொம்பத் தூரத்தில் இருப்பது போலத் தோன்றியது. வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டாள். நடந்தாள்.

“வந்து... இன்னொரு தடவை தப்பா சுத்துறீங்களா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னது, தப்பாவா?” என்றாள் புவனேஸ்வரி.

“ஆமா. நீ மேல தூக்கும்போது அவ கீழ எறக்கணும். கயித்தோட நடு என்ன ஆகுதுன்னு பாக்கணும்.”

“சரியா சுத்துன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. தப்பா சுத்தச் சொல்ற மொத ஆளு நீதான்!” என்று புவனேஸ்வரி சிரித்தாள். ஆனால் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “வா அனிதா, தப்பா சுத்துவோம்.”

இருவரும் ஒன்றாகக் கையைத் தூக்கி இறக்கினார்கள். கயிற்றின் நடு துள்ளியது. மாற்றி மாற்றித் தூக்கி இறக்கினார்கள். இரண்டு முனையும் துடித்தன. நடு மட்டும் அசையாமல் நின்றது.

“ஏய், நடுவுல தூங்கிருச்சுடி!” என்று அனிதா கத்தினாள்.

“இது எதுக்கு உனக்கு?” என்று கேட்டாள் புவனேஸ்வரி.

“எங்க பக்கத்து வூட்டு மாமாவோட கிட்டாருக்கு.”

“கிட்டாருக்குக் கம்பிதானே கட்டுவாங்க? கயிறா கட்டுவாங்க?”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பானுப்ரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கிச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் கூடப் போகவில்லை. புத்தகப் பையோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அமாவாசை மாமா சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே ஆரம்பித்தாள்.

“மாமா, ரெண்டு பெட்டியும் எதிரும் புதிருமா வேலை செய்யுது! ஒண்ணு வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குது!”

“மூச்சு விட்டுட்டுச் சொல்லு பாப்பா.”

அவள் கயிற்றுக் கதையைச் சொன்னாள். மாமா சைக்கிள் மணியில் கையை வைத்தபடியே கேட்டார்.

“அட, இருக்கலாம் போலிருக்கே! ஆனா அதை எப்படிப் பாக்குறது? வாசிக்கும்போது ஸ்பீக்கர் தாள் துடிக்கிற வேகத்துல எது முன்ன, எது பின்னன்னு கண்ணுக்குத் தெரியாதே.”

பானுப்ரியா யோசித்தாள். “ஒரே ஒரு தடவை மட்டும் துடிக்க வச்சா?”

மாமாவின் முகம் மலர்ந்தது. “உங்க வூட்டுல டார்ச் லைட் இருக்கா?”

அவள் ஓடிப்போய் டார்ச்சிலிருந்து ஒரு செல்லை உருவிக்கொண்டு வந்தாள். மாமா எல்லா சுவிட்சையும் அணைத்தார். இரண்டு பெட்டிகளின் முகத்திலிருந்த துணியையும் கழற்றினார். பழைய பெட்டியின் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவி, அதன் முனையில் செல்லை வைத்துத் தொட்டார்.

‘டப்!’

“வெளிய தள்ளுச்சு!” என்றாள் பானுப்ரியா.

புதுப் பெட்டியின் ஒயர் முனையிலும் அதே மாதிரி செல்லை வைத்தார்.

‘டப்!’

ஸ்பீக்கரின் கறுப்புத் தாள், யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது போல உள்ளே போனது.

“உள்ள! உள்ள போச்சு மாமா!”

மாமா பெட்டியின் பின்பலகையைத் திருகிக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“வாங்குனப்ப ஒயர் அந்து கிடந்துச்சு. நான்தான் புது ஒயர் போட்டு ஈயம் வச்சுப் பத்த வச்சேன். சிவப்பு ஒயர் தீந்துபோச்சேன்னு ரெண்டுக்கும் கறுப்பையே போட்டுட்டேன். எந்த ஒயர் எதுலன்னு தெரியாம இடம் மாத்திப் பத்த வச்சிருக்கேன்! தனியா வாசிச்சா எப்படிப் போட்டாலும் கேக்கும். சேர்ந்தாத்தானே சண்டை!”

இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பத்த வைத்தார். பின்பலகையை மூடினார். இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் போட்டார். கிட்டாரை மாட்டிக்கொண்டு, மிகத் தடிமனான கம்பியை ஒரே ஒரு முறை சுண்டினார்.

தும்ம்ம்ம்!

பானுப்ரியா வீட்டு அலமாரியிலிருந்து ஒரு டம்ளர் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

மறுநாள் வகுப்பில் புவனேஸ்வரி கடைசி பெஞ்சுக்கு வந்தாள்.

“அந்த மாமா கிட்டார் என்ன ஆச்சு? நேத்துப் பூரா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

பானுப்ரியா சொல்ல ஆரம்பித்தாள். கயிறு, செல், கறுப்பு ஒயர், டம்ளர் என்று சொல்லிக்கொண்டே போனாள். தனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்கே தெரியாது. டீச்சர் வந்து “யாரு அங்க, கடைசி பெஞ்சா?” என்று ஆச்சரியப்படும் வரை பேசினாள்.

“திருமழபாடியிலதான் எங்க சித்தி வூடு இருக்கு. நானும் கச்சேரிக்கு வரேன்” என்றாள் புவனேஸ்வரி. “எனக்கு இடம் புடிச்சு வை.”

வெள்ளிக்கிழமை திருமழபாடி ஜனத்தால் நிரம்பியிருந்தது. கொள்ளிடத்திலிருந்து காற்று வீசியது. பானுப்ரியா அம்மாவோடு முன்வரிசை மணலில் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டை விரித்து இடம் பிடித்திருந்தாள். யார் யாரோ வந்து, “இங்க ஆளு வருதா?” என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் “ஆமாங்க, வருது” என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. வராமல் போனால்?

மேடையில் விளக்குகள் எரிந்தன. அண்ணாதுரை இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்தார். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கையில் பொரிப் பொட்டலத்தோடு புவனேஸ்வரி வந்து துண்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“சித்தி விடவே மாட்டேனுட்டாங்க. ஆரம்பிச்சுட்டாங்களா?”

பதில் சொல்வதற்குள் பாட்டு தொடங்கியது. அமாவாசை மாமாவின் விரல் கம்பியில் இறங்கியது. இரண்டு பெட்டிகளும் ஒன்றாக மூச்சு விட்டன. மேடைப் பலகை அதிர்ந்தது, மணல் அதிர்ந்தது. அண்ணாதுரை திரும்பிப் பார்த்தார். சிரித்தபடி தன் இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புவனேஸ்வரி பொரியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஏய் பானு, என் வயித்துக்குள்ள என்னமோ ஓடுதுடி!”

“பயப்படாத,” என்றாள் பானுப்ரியா, “அது அமாவாசை மாமாதான்.”