காலி வீடு, உடனே குடியேறலாம்

படத்திலிருந்த சமையலறை ஜன்னலின் கொக்கியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் டீக் கோப்பையை மேசையில் வைத்தாள். அந்த நூலைச் சுற்றியவளே அவள்தான். காற்றடித்தால் கொக்கி கழன்றுகொள்கிறது என்று போன மாதம் சுற்றியது.

இணையத்தில் வரும் வாடகை வீட்டு விளம்பரங்களில் போலியைப் பிடிப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மூன்று வருடத்தில் ஏமாற்றுக்காரர்களின் தில்லுமுல்லு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே படுக்கையறை ஏழு ஊர்களில் வாடகைக்கு இருக்கும். வீட்டுக்காரர் எப்போதும் வெளிநாட்டில் இருப்பார், பாவம், அவருக்கு ஊர் திரும்பும் யோகமே கிடையாது. அட்வான்ஸைப் போட்டால் சாவி கூரியரில் வரும் என்பார். அப்படிப்பட்ட ஒரு சாவியை நம்பி அவளே ஒருமுறை இரண்டு பெட்டிகளோடு பூட்டிய கதவின் முன்னால் இருட்டும்வரை நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு கிடைத்தது இந்த வீடு. சாவியைக் கையில் வாங்கி, பூட்டை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் குடிவந்தாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்தவை இந்த இரண்டு அறைகள் மட்டும்தான்.

இப்போது அவை திரையில் இருந்தன. ‘காலி வீடு. உடனே குடியேறலாம்.’

எவனோ பழைய படத்தைத் திருடியிருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பழைய படத்தில் போன மாதத்து நூல் எப்படி வந்தது என்ற கேள்வியை மட்டும் கிட்டே விடவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு வழி உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்து, அதைத் தாளில் எழுதி வீட்டுக்குள் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். போலி ஆசாமிகள் அதோடு வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். விளம்பரம் போட்டவனுக்கு 4173 என்று அனுப்பினாள்.

மேகம் மூடிய பிற்பகல். ஃபிரிட்ஜ் முனகி அடங்க, குழாயின் சொட்டு பாத்திரத்தில் விழுந்து தெறிக்க, மாடியில் யாரோ கட்டிலை இழுக்கும் சத்தம் சுவர் வழியே இறங்கி வந்து அவள் பாதத்தில் அதிர, ஈரத்துணி வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. கடைசியாக இங்கே வந்துபோனவள் அக்கா. “ஆள் இருக்கிற வீடு மாதிரியே இல்லடி இது” என்று சிரித்தாள். எட்டு மாதம் ஆகிறது. அவள் அன்று கூடவே சிரித்தாள், அக்கா போனபின் அழுதாள்.

படம் வந்தது.

இதே அறை. முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. இதே மேசை, இதே திரை. டீயில் ஆவி. கோப்பையில் சாய்த்து ஒரு தாள். 4173.

நாற்காலியில் யாரும் இல்லை.

அவள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மெதுவாகக் கண்களைத் தாழ்த்தினாள். கோப்பையில் தாள் சாய்ந்திருந்தது. ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு. அவள் எழுதும் ஏழு. தொட்டாள். விரலில் மை ஒட்டியது.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் சூப்பர்வைசரின் குரல். “மேடம், அந்த விளம்பரம் என்னாச்சு? படம் சரியாத்தானே இருக்கு?”

“சார், அது என் வீடு. நான் உள்ளதான் சார் இருக்கேன்.”

“ஹலோ? மேடம்?”

“சார்! கேக்குதா? நான் இங்க இருக்கேன்!”

“லைன்ல யாருமே இல்லப்பா” என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொன்னார். “சரி விடு, நானே ஓகே பண்ணிடறேன்.”

திரையில் பச்சை டிக் விழுந்தது.

வெளியே லிஃப்ட் நின்றது. செருப்புச் சத்தம். பூட்டில் சாவி நுழைந்தது. அவள் சாவி எதிரே ஆணியில் தொங்கியது. வேறு சாவி கிடையாது.

பூட்டு திறந்தது.

எழப் பார்த்தாள். கால் வரவில்லை. ஒருவன். அவன் மனைவி. இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். அவள் கத்தினாள். யாரும் திரும்பவில்லை.

“நல்ல வெளிச்சம்” என்றான் அவன்.

“போலியா இருக்குமோன்னு பயந்துட்டே வந்தேன்.” அந்தப் பெண் பெருமூச்சு விட்டு வந்து உட்கார்ந்தாள். கனம். கூந்தலில் மழை வாசனை. கத்திக்கொண்டிருந்த வாயை அந்தக் கூந்தல் மூடியது.

“ஏங்க” என்றாள் வந்தவள், அவள் மடிமேல் நன்றாகச் சாய்ந்துகொண்டு. “இந்த நாற்காலி இன்னும் சூடா இருக்கே.”