சூட்டுக்கு எண்ணெய்

புருஷன் கழற்றிப் போட்ட பனியனை உதறியபோது முப்பிடாதியம்மாளின் கையில் ஏதோ மெல்லிசாக ஒட்டியது. வெங்காயச் சருகு என்று நினைத்தாள். முகர்ந்து பார்த்தால் பழைய ரத்தத்தின் வாடை அடித்தது.

மூன்று ஊசி போட்டதில் பரமசிவனின் நெஞ்சிலிருந்த புற்றுக்கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் ஊசி. சிலருக்கு அந்தச் சக்தி சொந்தத் தோலையே தாக்கும், கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான்கு நாளாக அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. நேற்றிலிருந்து இட்லிகூட வாயில் எரிகிறது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுதேன்."

"ஏட்டி, சும்மா கெட. சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாவ. பெறவு கட்டி வளரும், நீ பாத்துக்கிட்டு இரு. இது வெறும் சூடு. எண்ணெ தேச்சு அருவியில நின்னா எறங்கிரும்."

ஊசி நின்றால் மனுஷன் போய்விடுவார் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அவளே நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். முதுகில் விரல் பட்ட இடமெல்லாம், ஈர மாவின்மேல் போட்ட துணி மாதிரி, தோல் கொஞ்சம் நகர்ந்தது. எண்ணெய் வழுக்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குற்றாலத்தில் சாரல் அடித்தது. பெண்கள் பக்கம் போகாமல் கம்பித் தடுப்பருகே துண்டோடு நின்றாள். அருவி இரைச்சல் காதை அடைக்க, மசாஜ் எண்ணெயும் மிளகாய் பஜ்ஜியும் ஈரத் துணியும் கலந்த வாசனைக்குள் அவள் மூக்கு அந்த ரத்த வாடையையே தேடிக்கொண்டிருந்தது. ஆண்கள் கூட்டத்தில் அவர் தலை தெரிந்தது. பிறகு வெகுநேரம் காணவில்லை. போனை எடுத்தாள். நர்ஸின் நம்பரில் விரல் நின்றது. ஊசியை நினைத்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

கூட்டம் விலகியது. யாரும் சொல்லாமலே விலகியது. ஒருத்தர் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஒரு தகப்பன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினான்.

நடுவே பரமசிவன் வந்தார். சிரித்தபடி.

"ஏட்டி, குளுகுளுன்னு இருக்கு. அரிப்பே இல்ல."

கால் வழுக்கியது. கையை நீட்டினார். அவள் எட்டிப் பிடித்தாள். இறுக்கமாகத்தான் பிடித்தாள்.

அவர் கை நழுவிப் போனது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை தோல் மட்டும், நகங்களோடு, அவள் பிடியில் நனைந்து தொங்கியது.