சருகு விலக்கும் விரல்கள்

போர்வை சுவரோரமாக இருந்தது. நழுவி விழுந்தது போல இல்லை. யாரோ நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கி, சத்தமில்லாமல் அந்தப் பக்கம் வைத்தது போல ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. காலைக் கஞ்சியோடு வந்த இன்சுக், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் கணவன் தோக்சுவின் மார்பைத்தான் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

தோக்சு பக்கவாதத்தில் விழுந்த பிறகு இது இரண்டாவது குளிர்காலம். இடது பக்கம் அசைவே இல்லை. வலது கைக்கு ஒரு கரண்டியைப் பிடிக்கத்தான் தெம்பு. போன மாதம் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இன்னொரு முறை குளிர் ஏறினால் மீட்க முடியாது என்று டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். அதனால்தான் பனிக்காலம் முடிகிற மார்ச் பிறந்தும், தரைக்கு அடியில் வெந்நீர் ஓடவிட்டு அறையைக் காய்ச்சும் சூட்டை இன்சுக் குறைக்கவில்லை. பஞ்சுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

அப்படிச் செருகியதை அவரால் எடுத்திருக்க முடியாது. அவர் சட்டையின் மேல் பொத்தான்களும் கழன்றிருந்தன. நெற்றியில் விழும் நரைமுடி ஒதுக்கப்பட்டிருந்தது. மெத்தையை ஒட்டி, எண்ணெய்க் காகிதம் ஒட்டிய தரையில் ஈரமாக இரண்டு வட்டங்கள். அவற்றுக்குக் கீழே ஓர் ஆள் நீளத்துக்கு மங்கலான ஈரம். அறை முழுக்க மக்கிய சருகின் வாடை.

அந்த வட்டங்களை அவளுக்குத் தெரியும். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மூக்குக்கு நேராகக் காமிராவைப் பிடிக்கிறவர்கள் ஈர மண்ணில் விட்டுவிட்டுப் போகிற தடம் அது. நேற்று பள்ளத்தாக்கில் அவளே விட்டுவிட்டு வந்தாள்.

"என்னங்க, யாராச்சும் வந்தாங்களா?"

தோக்சு கோணிய வாயால் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடினார். "நீதான்னு நெனச்சேன்."

"நான் அடுப்படியில இருந்தேன்."

"பக்கத்துல படுத்திருந்துச்சு. மூச்சை அடக்கிக்கிட்டு. பூவைப் படம் எடுக்கிறப்ப நீ அடக்குவியே, அப்படி." சிரிக்கப் பார்த்தார். "என்னை வேற யாரு அவ்வளவு உத்துப் பாக்கப் போறா?" சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவரை மூடிவிட்டு கும்சூனுக்குப் போன் செய்தாள். காட்டுப்பூக்களைப் படம் எடுக்கப் போகிற கூட்டத்தில் மூத்தவள் கும்சூன். கார் வைத்திருக்கிறவளும் அவள்தான். பனி முழுக்கக் கரையும் முன்பே இவர்கள் மலையேறிவிடுவார்கள். முழங்கை தேயாத சட்டை இவர்களில் யாரிடமும் கிடையாது. மான்காதுப் பூ சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. அதன் தண்டில் பூனைமயிராக வெள்ளை ரோமம் இருக்கும்; காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது அந்த ரோமம் பற்றி எரிவது போல ஒளிரும். அந்த ஒரு படத்துக்காகத்தான் இத்தனை பாடு. சருகு மறைத்தால் ரோமம் தெரியாது. ஆகவே விரல் நுனியால், பூ அசையாமல், சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைப்பார்கள். இரவுப் பனிக்கு அந்தச் சருகுதான் அதற்குப் போர்வை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"வேர்த்திருக்கும்டி, மனுஷன் உதைச்சுத் தள்ளியிருப்பாரு," என்றாள் கும்சூன். "நல்ல சேதிதானே? கால் வந்திருச்சுன்னு பாயசம் வை!"

"அக்கா, நேத்து அந்தச் சருகையெல்லாம் திருப்பி மூடினோமா?"

"எதை மூடுறது? படம் எடுத்து முடிச்சதும் நீதான் பூவைக் கிள்ளிப் போட்டியே! விட்டு வச்சா பின்னாடி வர்றவன் அதே பூவை அதே வெளிச்சத்துல எடுத்து நம்ம படத்துக்கு மதிப்பில்லாமப் பண்ணிருவான். எல்லாரும் பண்றதுதானே, என்னமோ புதுசாக் கேக்கிற?"

இரண்டே விரல். கழுத்து மாதிரி இருக்கும் இடத்தில், ஒரு கிள்ளு. நேற்று அதைச் செய்தபோது அவள் மனதில் ஒன்றுமே இல்லை.

மதியம் அவர் தூங்கியதும் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் பள்ளத்தாக்குக்கு ஓடினாள். அவள் படுத்திருந்த இடம் சிரைத்த தலை போல வெறுமையாக இருந்தது. பூ இருந்த இடத்தில் மொட்டைத் தண்டுகள். சுற்றிலும் விரியக் காத்திருந்த மொட்டுகள் ஒரே இரவுப் பனியில் கறுத்துச் சுருண்டிருந்தன. இரண்டு கையாலும் சருகை அள்ளி அள்ளி அவற்றின் மேல் போட்டாள். "மன்னிச்சிருங்க," என்று வாய்விட்டுச் சொன்னாள். செத்ததைப் போர்த்தி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரிந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். நினைத்த படம் கிடைத்ததும் விடுகிற, திருப்தியான மூச்சு.

திரும்பிப் பார்த்தாள். பாறைகளும் ஓடையும்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்தபோது தோக்சு மறுபடி போர்வையில்லாமல் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சில் கரகரப்பு.

"அக்கா, காரைக் கொண்டு வாங்க. இவரை இங்க வச்சிருக்க முடியாது."

"என் காரு பட்டறையில கிடக்குடி. விடிஞ்சதும் எடுத்துட்டு வர்றேன். அப்படி மூச்சுத் திணறினா ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

ஆம்புலன்ஸ் என்றதும் தோக்சு தலையை ஆட்டி மறுத்தார். "இப்ப வேணாம். காலைல போலாம்." அவள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது.

ஜன்னல் திரையை ஊசி குத்தி மூடினாள். போர்வையின் ஓரங்களைத் தைத்தே விட்டாள், மெத்தையோடு சேர்த்து. பக்கத்தில் படுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்குள் வெந்நீர்க் குழாய் முனகுவதையும், அவர் நெஞ்சு இரைவதையும், வெளியே கூரைப் பனி சொட்டுச் சொட்டாக விழுவதையும் கேட்டுக்கொண்டே இருந்தவள் எப்போது கண்ணயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கண்ணில் வெளிச்சம் குத்தியது.

திரை விலகியிருந்தது. மலை முகட்டிலிருந்து தாழ்வாக, நேராக, மஞ்சள் வெயில். போர்வை சுவரோரம். ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

அவள் யோசிக்கவில்லை. அவர் மேல் கவிழ்ந்து படுத்தாள். கையால், காலால், கூந்தலால் அவரை மூடினாள். இப்போது அவளேதான் போர்வை.

"இன்சுக்," என்றார் தோக்சு. "கதகதன்னு இருக்கு."

"பேசாதீங்க. கும்சூன் அக்கா வந்துருவாங்க."

சருகு வாடை வந்தது.

முதலில் அவர் முகத்தின் மேல் விழுந்திருந்த அவள் முடி. ஓர் இழை. இன்னோர் இழை. விலகியது. பிறகு அவள் மணிக்கட்டு. இரண்டு விரல் நுனிகள், ஈரமாக, தூக்கின. வலிக்கவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவ்வளவு பதமாக, அவர் அசையாதபடி, அவளை எடுத்தன. சுவரோரம், போர்வைக்குப் பக்கத்தில், வைத்தன.

கத்த நினைத்தாள். குரல் இல்லை. கை இல்லை, கால் இல்லை. உலர்ந்து, லேசாக, சருகாகக் கிடந்தாள்.

அவள் கிடந்த இடத்திலிருந்து பார்க்க, வெயில் தோக்சுவுக்குப் பின்னாலிருந்து விழுந்தது. காது மடலில், பிடரியில், தொண்டையில் இருந்த மெல்லிய வெள்ளை ரோமமெல்லாம் ஒளிர்ந்தது. எவ்வளவு அழகு என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகச் செத்துப்போகலாம் போலிருந்தது.

அறையில் யாரோ மூச்சை அடக்கினார்கள்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். "ஏண்டி இன்சுக், கதவைத் திற!"

மூச்சு வெளியே வந்தது. நீளமாக. நிறைவாக.

தோக்சு கண்ணைத் திறந்து வெயிலைப் பார்த்தார். அவர் கழுத்தின் இரண்டு பக்கத்திலும், இரண்டு விரல் நுனிகள் பிடித்தது போல, தோல் மெதுவாகக் குழிந்தது.