பதினோராம் கூண்டு

மைக் மூன்றாவது முறையும் செத்தது.

கஸ்பார் மச்சாது பாடிய வரி அப்படியொன்றும் பெரிய வரி இல்லை. "கதவு பூட்டியிருந்தது." இரண்டே சொல். கிடார் இரும்பை அறுப்பது போல அலற, சுடலைக்கண்ணு இரண்டு காலாலும் டிரம்மை மிதிமிதியென்று மிதிக்க, அவன் அந்த இரண்டு சொல்லையும் அடிவயிற்றிலிருந்து உறுமினான். மைக்கின் கழுத்தில் தொங்கிய முன்மைமானி சிவப்பாகச் சிமிட்டியது. ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது.

"எவனோ வளச்சுப் போட்டுட்டாம்ல," என்றான் சுடலைக்கண்ணு, குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே. "கதவு சாத்தியிருந்ததுன்னு பாடிப் பாரு."

பாடினான். செத்தது.

"தாப்பா போட்டிருந்தது?"

அதுவும் செத்தது.

முன்மைமானி இல்லாத ஒலிபெருக்கியை விற்கக்கூடாது என்று சட்டம் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அவன் பாட்டை இவன் திருடினான், இவன் பாட்டை அவன் திருடினான் என்று வழக்குகள் குவிந்த காலத்தில் கொண்டுவந்த சட்டம். ஏற்கெனவே பதிவான வரியென்றால் ஒலி நின்றுவிடும். இதுவரை யாரும் பாடாத வரியென்றால் பச்சை விளக்கு எரிந்து, பாடியவன் பேரில் பதிவாகும். பாட்டுக்காரர்கள் பட்டாசு வெடித்துத்தான் அதை வரவேற்றார்கள்.

அடுத்த வருடம் சொற்கிடங்கு நிறுவனம் தன் பாப்பொறியை முடுக்கியது. பாப்பொறிக்குத் தூக்கம் கிடையாது, காதல் தோல்வி கிடையாது, தொண்டைக்கட்டும் கிடையாது. எட்டுச் சொல்லுக்குள் தமிழில் எதையெல்லாம் பாட முடியுமோ அதையெல்லாம் அது இயற்றிப் பதிந்துவிட்டது. விடியுமுன் சந்தைக்குப் போய், வண்டியிலிருந்து இறங்காத மூட்டைக்கும் சேர்த்து விலை பேசி முடித்தவன் கெட்டிக்காரத்தனம். அதற்குப் பிறகு நிலவைப் பற்றிப் பாடுகிறவனும், அம்மாவைப் பற்றிப் பாடுகிறவனும் கிடங்கிலிருந்து வரியை வாடகைக்கு எடுத்துத்தான் பாட வேண்டியிருந்தது.

ஒரே ஒரு மூட்டையை மட்டும் பாப்பொறி தொடவில்லை. அதைச் செய்தவர்கள் மரியாதைப்பட்ட மனிதர்கள். கெட்டவார்த்தை அதன் வாயில் வரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே கட்டிப்போட்டு வளர்த்திருந்தார்கள்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவன் கஸ்பார்தான். புயல் வந்தால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பதினோராம் எண் ஏறினால் தகவல் தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். அந்தப் பெயரில்தான் அவர்கள் மெட்டல் இசைக்குழு நடத்தினார்கள். ஒருநாள் மேடையில் வரிசையாக நாலு வரி செத்த ஆத்திரத்தில், தூத்துக்குடி மீன் ஏலத்திலேயே அபூர்வமாகக் கேட்கிற ஒரு வசையை அவன் விட்டான். அம்மாவில் கிளம்பி, நாயிடம் போய், மறுபடி அம்மாவிடமே வந்து சேரும் வசை. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கூட்டத்தில் சிலர் அழுதார்கள். புதிதாக ஒரு வரியைக் கேட்டு அவர்களுக்கு அத்தனை நாளாகியிருந்தது.

அந்தக் கிறக்கத்தில் கஸ்பார் தாராளம் காட்டினான். "இந்த வசை ஊருக்கே இனாம்! யாரு வேணும்னாலும் பாடிக்கோங்கல!"

இனாம் என்றால் யார் விடுவார்கள்? முதலில் கல்யாணக் கச்சேரியில் பாடினார்கள். பிறகு நல்லெண்ணெய் விளம்பரத்தில் வேறொரு வசை வந்தது. ரேஷன் கடை அறிவிப்பில் இன்னொன்று. பள்ளி ஆண்டு விழாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ரோஜாப்பூ வைத்துக்கொண்டு ஆடினார்கள். தானாக ஆடும் தொட்டிலில் செலவில்லாமல் ஒலிக்கக்கூடிய தாலாட்டு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது கஸ்பாருடைய வசை. மெட்டைக் கொஞ்சம் மெதுவாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் அவன் தம்பி லியோன் செத்துப்போனான். பவளத்திடல் மீன்பதன ஆலையில் அமோனியா கசிந்து ஆறு பேர் போனார்கள். இறால் களவு போகிறதென்று குளிரறையை வெளியிலிருந்து பூட்டி வேலை வாங்கச் சொன்னவர் மேலாளர் வைரவசாமி. விசாரணையில் கதவு திறந்தே இருந்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் லியோன் கடைசியாகப் போன் பண்ணியது கஸ்பாருக்கு. "அண்ணே, கதவு பூட்டியிருக்குண்ணே," என்றான். அப்புறம் இருமல். அப்புறம் அதுவும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலையின் குடும்ப விழா. பாட வரச்சொல்லி வைரவசாமியே அழைத்திருந்தார். ஆறு குடும்பங்களும் வரும், ஊரும் வரும். அத்தனை பேர் நடுவில், அந்த ஆள் முகத்துக்கு நேராக, அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட வேண்டும். கஸ்பாருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மறுநாள் சொற்கிடங்கின் கிளைக்குப் போனான். சன்னலுக்குப் பின்னால் இருந்த பொன்செல்வி பள்ளிக்கூடத்தில் லியோனோடு படித்தவள்.

"ஒரே சாயங்காலத்துக்குப் போதும் தாயி. 'கதவு பூட்டியிருந்தது.'"

அவள் திரையைத் தட்டினாள். முகம் மாறியது. "வாடகைக்குப் போயிருச்சு அண்ணாச்சி."

"அப்ப 'தம்பி மூச்சு முட்டிச் செத்தான்'?"

"போயிருச்சு."

"'கதவத் தட்டுனான், தெறக்கல'? சரி, தம்பிய விட்டுருதேன். 'ஒருத்தன் தட்டுனான்'னு இருக்கட்டும். பாதி வரி குடு தாயி, மீதிய நான் உறுமிக்கிடுதேன்."

"நூத்தி எழுபது வரி போயிருக்கு அண்ணாச்சி. கதவு, பூட்டு, சாவி, மூச்சு, வாயு, எல்லாம். ஒரே ஆளு, ஒரே காலையில எடுத்திருக்காரு." குரலைத் தாழ்த்தினாள். "லியோனை அடக்கம் பண்ணுன அன்னைக்கு."

வைரவசாமியைத் தவிர வேறு யார்?

சன்னலை மூடப்போனவள் நிறுத்தினாள். "ஒண்ணு சொல்லுதேன். நான் சொன்னேன்னு சொல்லிராதீய. எந்த வரியா இருந்தாலும் கூட ஒரு கெட்டவார்த்தையச் சேத்துப்புட்டா அது புது வரி. அந்தச் சரக்கு எங்ககிட்ட கெடையாது."

தம்பி போனபிறகு முதல்முறையாகக் கஸ்பார் சிரித்தான். வசைக்கா அவனிடம் பஞ்சம்?

ஞாயிறு நாலு மணிக்கு மேடையேறினான். முன்வரிசையில் வைரவசாமி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நாலு நாற்காலி தள்ளி லியோனின் மனைவி ரோஸ்லின், மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு. அப்பா போனதிலிருந்து அது கண்ணை மூடுவதில்லை. அழுது அழுது குரல் கட்டிக் கிடந்தது.

கிடார் அலறியது. கஸ்பார் நேராக வைரவசாமியைப் பார்த்தான். கதவைப் பூட்டினாய் என்றான். உள்ளே ஆறு பேர் தட்டினார்கள் என்றான். ஒவ்வொரு வரியின் வாலிலும் தன் சொந்த வசையை, அம்மாவில் கிளம்பி அம்மாவிடமே வருவதை, முடிச்சுப் போட்டுக் கட்டினான். பச்சை விளக்கு அணையவேயில்லை. ஒரு சொல் சேதாரம் இல்லாமல் மைதானத்தின் கடைசி மூலைவரை போனது.

கூட்டம் மலர்ந்தது. வசை வந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். தாய்மார்கள் தோளை இடமும் வலமுமாக ஆட்டினார்கள். அதற்கு முன்னால் வந்த சொற்கள், தெரிந்த பாட்டு தொடங்கும்வரை பொறுத்துக்கொள்கிற வாத்திய இசை போல, அவர்கள் காதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வைரவசாமி தாளம் தப்பாமல் கைதட்டினார்.

கஸ்பார் வசையை மாற்றினான். இன்னும் கொடியது.

"நல்லெண்ணெய் பாட்டு!" என்று ஒரு சிறுமி துள்ளினாள்.

அதைவிடக் கொடியதை எடுத்தான். முதியவர் ஒருவர் பழக்கத்தில் பையைத் தேடினார். அது ரேஷனில் சர்க்கரை வந்ததற்கான அறிவிப்பு.

"எல, கேளுங்கல!" என்று கத்தினான். மைக் செத்தது. அதையும் எவனோ வைத்திருந்தான்.

மிஞ்சியது பழைய வசைதான். அதைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிந்து உப்புக்கரிக்கும்வரை, கதவையும் பூட்டையும் தம்பியின் இருமலையும் மறுபடி மறுபடி சொன்னான். ஒருவராவது நிமிர்ந்து பார்க்க மாட்டார்களா? ரோஸ்லினைத் தேடினான். அவளுக்காவது கேட்டிருக்கும்.

ரோஸ்லின் நிமிர்ந்துதான் பார்த்தாள். ஒரு கை பிள்ளையின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையின் வாய் பிளந்து, இமைகள் ஒட்டி, தலை அவள் தோளில் சரிந்து கிடந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு வந்த தூக்கம்.

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

கஸ்பார் சுடலைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக அடிக்கச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்து பாடினான்.