எதிர்ப்பக்கத்துச் சன்னல்

விழைமானியைக் கையில் கட்டிய நாளிலிருந்து மங்கையர்க்கரசி நல்லதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். குடியிருப்போர் சங்கத்துக்கே செயலாளர் அல்லவா! தெருவுக்கு முன்மாதிரியாக நினைக்கவேண்டிய பொறுப்பு அவளுக்கு இருந்தது.

அவள் வீட்டுக்கு எதிரே மாநகராட்சியின் பழைய குப்பைலாரி ஷெட்டை இடித்துத் தள்ளியபின் நிலம் முள்மண்டிக் கிடந்தது. அங்கே என்ன கட்டலாம் என்று மக்களைக் கேட்கவேண்டும். முன்பெல்லாம் கூட்டம் போட்டு வாயால் கேட்டார்கள். எல்லோரும் நூலகம் என்பார்கள், பூங்கா என்பார்கள். அஸ்திவாரம் தோண்டியதும் வழக்குப் போடுவார்கள். சலித்துப்போன மாநகராட்சி, வாயை நம்புவதையே விட்டுவிட்டது. இப்போது நிலத்தைச் சுற்றி வாழும் அத்தனை பேரும் சில வாரங்கள் விழைமானிக் காப்பை அணியவேண்டும். அதில் ஒரு சிறு கண்ணும் ஒரு காதும் உண்டு. நிலத்தைப் பார்க்கும்போது எதைக் கண்டு நாடி படபடக்கிறது, எதைக் கண்டு தணிகிறது என்று குறித்துக்கொள்ளும். எல்லோருடைய விழைவையும் கூட்டி, கட்டடமாக ஒளியில் வரைந்து காட்டும். காட்டியதைத்தான் கட்டுவார்கள்.

நிலத்துக்குப் பின்னால் ஓடைக்கரைக் குடிசைகள். அடுத்த மழைக்குள் அவற்றை எடுத்தாகவேண்டும். இந்த நிலத்தில் வீடு அமைந்தால் பிழைத்தார்கள். இல்லையென்றால் நகரத்துக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மங்கையர்க்கரசி வீட்டில் வேலை செய்யும் தேசம்மா அந்தக் கரையில்தான் குடியிருந்தாள்.

“எங்க கையிலயும் கட்டிக்கீறாங்கம்மா,” என்று பாத்திரம் தேய்த்தபடியே காப்பைக் காட்டினாள் தேசம்மா. “நீங்கல்லாம் மனசு வெச்சாதான் வூடு.”

“ஏன் கவலைப்படறே? உனக்கு வீடு இங்கதான். இந்தத் தெருவே உன் பக்கம் இருக்கு,” என்றாள் மங்கையர்க்கரசி.

வெறும் பேச்சாகவும் விடவில்லை அவள். தினமும் மாலையில் சங்கத்தாரைத் திரட்டி நிலத்தைச் சுற்றி ‘நல்லெண்ண நடை’ நடத்தினாள். எல்லோரும் காப்பு அணிந்த கையை நிலத்தின் பக்கம் நீட்டியபடி, ஏழைக்கு வீடு, ஏழைக்கு வீடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். முடிவில் சுண்டல் கொடுத்தார்கள். கருவியையே ஏமாற்றப் பார்க்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்லதற்காகச் செய்வது ஏமாற்று ஆகுமா என்ன?

ஒளிவரைவு நாளன்று தெருவும் ஓடைக்கரையும் நிலத்தின் ஓரம் கூடி நின்றன. அதிகாரி இளம்பரிதி பொத்தானை அழுத்தினார். முட்செடிகளின் மேல் மாடி மாடியாக வீடுகள் எழுந்தன. துணி காயப்போடக் கொடிகூட இருந்தது. தெருவார் கைதட்டினார்கள். மங்கையர்க்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியில் எதையோ சொல்லி உள்ளே வேறெதையோ வைத்திருப்போமோ என்று அவளுக்கே உள்ளூர உதைத்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, நாம் நல்லவர்கள்தான்.

அப்போது வரைவு மெல்லச் சுழன்று, தெருவைப் பார்த்த முகத்தைக் காட்டியது. ஒரே சுவர். அடியிலிருந்து உச்சிவரை ஒரு சன்னல் இல்லை. கதவுகளும் சன்னல்களும் ஓடையைப் பார்த்தே இருந்தன.

கைதட்டல் நின்றது. தெருவார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழைகளுக்கு வீடு கொடுத்துவிட்டு, அவர்கள் முகம் கண்ணில் படக்கூடாது என்று நினைத்த புண்ணியவான் யார்? மங்கையர்க்கரசிக்கு மானம் போனது. தேசம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

“இதை நான் எதிர்க்கறேன்!” என்று முன்னால் வந்தாள் மங்கையர்க்கரசி. “அவங்களும் மனுஷங்கதானே? காத்து, வெளிச்சம் வேண்டாமா? இந்தப் பக்கம் சன்னல் வைக்கணும்.”

“எதிர்க்கறவங்க பதிவை எல்லார் முன்னாலயும் ஓட்டணும் மேடம். அவங்க மனசு நிஜமாவே அதை விரும்பியிருந்தாதான் எதிர்ப்பு செல்லும். சம்மதமா?” என்று கேட்டார் இளம்பரிதி.

“தாராளமா ஓட்டுங்க. எனக்கு மறைக்க என்ன இருக்கு?”

கருவி நிதானமான குரலில் படித்தது. “எதிர்ப்பு உண்மையானது. இவர் சன்னலை விழைகிறார். காலை, பால்கனி. நிலத்தின் குறுக்கே வரவேண்டிய வேலைக்காரப் பெண்ணைத் தேடும் பார்வை. நாடி படபடப்பு. ‘இன்னும் காணோமே, இவ வீடு எதிர்லயே இருந்தா ஒரு குரல் கொடுத்தா போதும்’ என்ற பேச்சு. பெண் தென்பட்டதும் தணிவு. மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே. இத்தெருவில் வீடு வேண்டும் என்ற விழைவுகளில் பெரும்பாலானவை இவ்வகையே.”

மங்கையர்க்கரசிக்குக் காதெல்லாம் எரிந்தது. சங்கத்துத் தலைவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அந்தச் சுவர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது உங்க தெருவோட விழைவு இல்லீங்க. ஓடைக்கரையோடது,” என்றார் இளம்பரிதி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தப்புச் செய்தவள் அவள்தான் என்பதுபோல.

“கோச்சிக்காதீங்கம்மா. வேலை முடிஞ்சி வூட்டுக்குப் போனா, வூட்ல இருக்கணும்ல. அதான்.”

எதிர்ப்பு செல்லுபடியாகிவிட்டது. ஒளிச்சுவரில் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு சன்னல் மங்கையர்க்கரசியின் பால்கனிக்கு நேராகத் திறந்தது.

“வேண்டாம்! சன்னல் வேண்டாம், நான் வாபஸ் வாங்கிக்கறேன்!” என்று பதறினாள்.

“வாயால சொன்னா செல்லாது மேடம். அதைப் பார்த்து மனசார வேண்டாம்னு நினைங்க. காப்புல பச்சை விளக்கு எரிஞ்சா எடுத்துடலாம்.”

அவள் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாள். சன்னல் நல்ல கிட்டத்தில்தான் இருந்தது. கைதட்டினால் கேட்கும். காப்பில் எரிந்த சிவப்பு விளக்கு மாறவில்லை. மறுபடி முயன்றாள். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது; சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

தேசம்மா பக்கத்தில் வந்தாள். “விடுங்கம்மா. வூடு கெடச்சிதே, அதுவே போதும். சன்னலுக்குத் துணி போட்டு மறைச்சிக்கிறேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “காலைல எப்பவும்போல வந்துடறேன்,” என்றாள்.

அதைக் கேட்டதும் மங்கையர்க்கரசியின் நாடி தணிந்தது. காப்பு அதையும் குறித்துக்கொண்டது.