மொட்டுவின் தொப்பை

மத்திகிரியில் அந்தத் தெருவிலேயே பெரிய தொப்பை மொட்டுவுக்குத்தான். மொட்டு ஒரு பூனைக்குட்டி. அந்தத் தொப்பைக்குச் சொந்தக்காரி சென்னம்மா என்று தெருவே கேலி செய்யும். பத்து வயதுச் சென்னம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

பெருமை வராதா பின்னே? தன் பங்குப் பாலில் பாதியை அதற்குத்தான் ஊற்றினாள். வீட்டில் கறி எடுக்கும் நாளில் ஆட்டுக் குடலைப் பச்சையாகவே நறுக்கிப் போட்டாள். "பூனை என்ன அடுப்பா மூட்டுது? பச்சையா தின்னாத்தான் பலம்" என்று அம்மா சரசம்மா சொல்லியிருந்தாள். மிச்சம் மீதியை மொட்டுவின் தங்கை கருப்பி நக்கிக்கொள்ளும்.

ஒரு காலையில் மொட்டு வெள்ளை நூல் போன்ற புழுக்களைக் கக்கியது. பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது.

"அழாத கண்ணு. பூனைதானே? அதான் இன்னொண்ணு இருக்குதே" என்றாள் அம்மா. சென்னம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த வாரம் அப்பா திம்மராயனுக்குக் களி எடுத்துக்கொண்டு மாட்டுப் பண்ணைக்குப் போனாள். அங்கேதான் அவருக்கு வேலை. ஒரு கன்றின் வாயைப் பிடித்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கொழுகொழுன்னுதானே இருக்குது. இதுக்கு எதுக்குப்பா மருந்து?"

"கொழுப்பா இது? முதுகத் தடவிப் பாரு, எலும்பு தட்டும். வயிறு மட்டும் ஊதியிருந்தா உள்ள பூச்சி. நான் பாத்ததுமே சொல்லிடுவேன்."

சென்னம்மா தடவினாள். மொட்டுவின் முதுகும் கடைசியில் இப்படித்தான் இருந்தது.

"அப்பா, மொட்டுவயும் தினம் பாத்தியே. ஏன் சொல்லல?"

திம்மராயனின் கை அப்படியே நின்றது.

"அது... பூனைதானேம்மா" என்றார்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த மருந்துப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா? ஆனால் கன்றுக்கு ஊற்றுவதைக் கருப்பி தாங்குமா? நேராகப் பண்ணை டாக்டரிடம் போனாள்.

"எங்க பூனைக்குட்டிக்கும் பூச்சி மருந்து வேணுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"இன்னொண்ணு செத்துடுச்சுங்க."

அவர் சிரிப்பு அடங்கியது. "தூக்கிட்டு வாம்மா. எடை பாத்துத்தான் குடுக்கணும்" என்றார்.

கருப்பி பண்ணைக்கு வந்தது. டாக்டரின் விரலைக் கடித்தது. மருந்தையும் விழுங்கியது.

"பச்சைக் குடல் போடாத, வேகவெச்சுப் போடு" என்றார் டாக்டர், விரலை உதறிக்கொண்டே. "அது வெளிக்குப் போனா உடனே அள்ளி ஆழமாப் புதைச்சுட்டு, கையக் கழுவு. இன்னொரு தடவையும் மருந்து குடுக்கணும், மறந்துடாத."

சென்னம்மா எதையும் மறக்கவில்லை. குடல் அடுப்பில் கொதித்தது. "பூனைக்குச் சமைக்கிற வீடு ஊர்ல இது ஒண்ணுதான்" என்று அம்மா முணுமுணுத்தாள். சென்னம்மா காதில் விழாதவள் போல் அடுப்பை ஊதினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது பக்கத்து வீட்டு மங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, மொட்டு எப்படி உருண்டையா இருந்துச்சு! இது வயிறு ஒட்டிக் கிடக்குதே. சோறு போடறதில்லையா?"

சென்னம்மா வெடுக்கென்று நிமிர்ந்தாள். பதில் சொல்வதற்குள் அப்பா வந்து கருப்பியைத் தூக்கினார். அவர் ஒரு பூனையைத் தொட்டு அவள் பார்த்ததே இல்லை. முதுகை மெல்லத் தடவினார்.

"எலும்பு தட்டல கண்ணு" என்றார்.

"இனிமே தினமும் பாருப்பா" என்றாள் சென்னம்மா.