இருபத்தோரு அங்குல நோவு

காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கப் போனால், எனக்கு முன்பே ஒரு கார் வந்து நிற்கும். உள்ளே ஆள் இருக்காது. தானோட்டி கார்தானே, அதுவாக வந்து சுவரோரம் ஒதுங்கி, கடை வாசல் திரையில் தன் வேண்டுகோளைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். இருபத்தோரு அங்குலத்தைக் கழற்றிவிட்டுப் பதினெட்டு போடவும். தினமும் இதே பாட்டுதான். காட்சிக்கூடத்தில் பெரிய ரிம்மைப் பார்த்து, ஆகா ஜம்மென்று இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரை என்னிடம் அனுப்புகிறார்கள். வாங்கும்போதே யோசித்திருக்கலாமே என்று கேட்டால் கோபம் வேறு வருகிறது. கேட்காமலும் என்னால் இருக்க முடிவதில்லை.

இதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ரிம் பெரிதானால் ரப்பர் ஒல்லியாகும். ரப்பர் ஒல்லியானால் காற்றுக்கு இடம் குறையும். காற்றுதான் மெத்தை. இருபத்தோரு அங்குல ரிம்மில் டயரின் பக்கச்சுவர் நாலு விரல் உயரம். பதினெட்டில் ஏழு விரல். அந்த மூன்று விரலில் இருக்கிறது ஒரு மனிதனின் முதுகெலும்பு. அதோடு உள்ளே நுரைப்பட்டை ஒட்டிய மிருதுவான டயரையும் போட்டுவிட்டால், பள்ளம் என்று ஒன்று இருந்ததே சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. வடவள்ளியில் முப்பது வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். என் பெயர் சென்னியப்பன்.

எங்கள் மூன்றாம் குறுக்கு வீதியில் பதினான்கு சொகுசுக் கார்கள். பதினான்குக்கும் நான்தான் மிருதுவான டயர் மாட்டினேன். அதே வீதியில் இருபத்தாறு பள்ளங்கள். மின்மாற்றிக்கு எதிரே இருப்பதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். இருபத்தாறு என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மனைவி மரகதம் ஒவ்வொன்றையும் தன் எலும்பால் எண்ணிச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஆறு வருடமாகிறது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தச் சுத்திகரிப்பு. இந்த நோயில் எலும்பு உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டுவிடுகிறது. போன மாதம் அவளைக் கூட்டிப்போகிற ஆஸ்பத்திரி வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் விலா எலும்பில் கீறல் விழுந்தது. அடுத்தது இடுப்பாக இருந்தால் பிறகு எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். வேறு வண்டியில் கூட்டிப்போகலாமே என்பீர்கள். முடியாது. வழியில் ரத்த அழுத்தம் விழுந்தால் பார்ப்பதற்குக் கருவி உள்ள நோயாளி வேனில்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்த வேனுக்கோ பஞ்சரே ஆகக் கூடாது என்று காற்றில்லாத கெட்டி டயர். நான் இலவசமாக டயர் மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன், ஒப்பந்தத்தில் இல்லையாம். வேனை முக்கிலேயே நிறுத்தச் சொல்லி, அதுவரை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன், அது வேனைவிட மோசம்.

சரி, சாலையைச் செப்பனிடச் சொல்லலாம் என்று சாலை உணர்வு வாரியத்தைக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் மனு, கையெழுத்து எதுவும் கிடையாது என்பது தெரிந்ததுதானே. கார்கள் சொல்லும், வாரியம் கேட்கும், சாலைச்செப்பனி என்கிற இயந்திரம் தானாக வந்து மூடிவிட்டுப் போகும். எங்கள் வீதிக்கு அது பதினொரு வருடமாக வரவில்லை. வாரியத்தின் வரைபடத்தில் எங்கள் வீதி பச்சைப் பசேலென்று இருக்கிறது, அதாவது பள்ளமே இல்லாத ரோடாம். வேன் வாரத்துக்கு மூன்று நாள் குதித்துக் குதித்துப் போகிறதே, அது யார் கண்ணிலும் படவில்லையா என்று கேட்டேன். போனை எடுத்த பெண் பொறுமையாகவே விளக்கினாள்.

"வேன் நல்ல ரோட்டுலயும் ஆடும், கெட்ட ரோட்டுலயும் ஆடுங்க. அத வெச்சு ரோட்ட எப்படிக் குத்தஞ் சொல்றது? ஆடாத வண்டி ஆடுனாத்தானுங்க அது ரோட்டோட குத்தம்."

அதாவது, சொகுசுக் காரின் சீட்டு மட்டும்தான் சாட்சி. அதுவும் கார் ஆடினால் போதாது. முன்பு சில ஊர்களில் காருக்குள் மணல் மூட்டையை வைத்துக் குதிக்க விட்டு ஏமாற்றினார்களாம். அதனால் இப்போது சீட்டில் இருக்கும் இருக்கை உணரி உடம்பைப் பார்க்கிறது. தசை எவ்வளவு இறுகியது, மூச்சு எங்கே நின்றது, எலும்புக்கு எவ்வளவு அதிர்ச்சி போனது என்று பார்த்து ஒன்று முதல் பத்து வரை ஓர் எண் கொடுக்கும். நோவு எண். ஒரே வாரத்தில் மூன்று முறை ஏழைத் தாண்டினால் செப்பனி வரும். கம்பெனி அங்கீகரித்த சக்கரமாக மட்டும் இருக்க வேண்டும்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீதியின் வாயை மூடியது யார்? நான்தான். பதினான்கு காரிலும் ஏழு விரல் ரப்பரைக் கட்டி, நுரையை ஒட்டி, எந்தச் சீட்டுக்கும் எதுவும் தெரியாமல் செய்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பதினொரு வருடமாகச் சிரத்தையாகச் செய்திருக்கிறேன். என்மேல் எனக்கே அப்படி ஓர் எரிச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரத்துக்கு யாராவது இருபத்தோரு அங்குலத்தை மாட்டிக்கொள்ளுங்கள், நானே மாட்டி நானே கழற்றித் தருகிறேன் என்றேன். மரகதத்துக்காக எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். செய்ய வேண்டியதுதான், கட்டாயம் செய்ய வேண்டியதுதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தன் தன் இடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒன்றரை மணி நேரம் இடுப்பையே பேசினார்கள். கடைசியில் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற வக்கீல் நல்லசிவம், தலைவராகிவிட்ட தோஷத்துக்காகத் தன் காரைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆளுக்கு ஒரு நாள் உட்காருவது என்று முறை போட்டுக் கொடுத்தேன்.

முதல் நாள் வக்கீல் போனார். நோவு எண் இரண்டு. எப்படி இரண்டு வரும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டு காருக்குள் பார்த்தால், சீட்டில் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை. நோகக் கூடாதே என்று போட்டுக்கொண்டாராம். நோவதற்காகத்தானே ஐயா ஏறினீர்கள் என்று கேட்டேன். அதற்காக வேண்டுமென்றே யாராவது நோவார்களா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். இரண்டாம் நாள்காரர் காரை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொண்டார். மூன்றாம் நாள் ஏறிய அம்மாள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டார், எண் மூன்று. நான்காம் நாள் நானே ஏறி உட்கார்ந்தேன். ஆயுள் முழுக்கச் சக்கரம் தூக்கிய உடம்பு, இதற்கெல்லாம் அசைந்து கொடுக்குமா? நான்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல எலும்புள்ளவர்கள் எத்தனை பேர் ஏறினாலும் அந்தச் சீட்டுக்குக் காது கேட்கப்போவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் வந்து புலம்பினேன். இதை அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது. மரகதம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். உரித்து முடித்துக் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம எனக்கு ஆஸ்பத்திரி இல்லைங்க. நான் ஏறிக்கறேன்."

பைத்தியமா உனக்கு என்று கத்திவிட்டேன். எதற்காக இத்தனை பாடு, உன் எலும்பு உடையக் கூடாது என்றுதானே என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. அவள் அப்படிப் பேசினால் எனக்குப் பயம்.

"வேன்ல நித்தம் நோகறது ஒருத்தருக்கும் தெரியறதில்ல. அந்தக் கார்ல ஒருக்கா நொந்தா எழுதிக்கறாங்க. அதே ரோடு, அதே ஒடம்பு. நான் வேன்லயே போயிட்டிருந்தா மட்டும் ஒடையாதுங்களா?"

அன்றைக்கே, வியாழக்கிழமை சாயங்காலம், டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். குறைத்தால் எண் ஏழைத் தாண்டாமல் போய் இன்னொரு நாளும் அவள் ஏற வேண்டியிருக்கும். கம்பெனி சொன்ன அளவுக்கே காற்றடித்தேன். என் மனைவிக்கு நோவதற்கு என் கையாலேயே அளந்து அடித்தேன், இதைவிடக் கேவலமான வேலையை நான் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஏறினோம். பக்கத்துச் சீட்டில் நான். கார் வீதியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத்தான் போனது. மின்மாற்றிப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியபோது தோலுறையிட்ட அந்த அழகான சீட்டு சுத்தியல் மாதிரி அடித்தது. மரகதம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒன்பது என்று வந்தது. போதும், இறங்கு என்றேன். இன்னும் இரண்டு தடவை இருக்கிறது என்று விரலைக் காட்டினாள். இரண்டாவது முறையும் ஒன்பது. மூன்றாவது முறை பத்து. காரின் இனிமையான குரல், தங்கள் வசதிக்குப் பதினெட்டு அங்குலச் சக்கரத்தைப் பரிந்துரைப்பதாகவும், அருகில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட கடை சென்னியப்பன் சக்கரக்கடை என்றும் சொன்னது. அதை உடைத்திருப்பேன், வக்கீலின் கார் என்பதால் விட்டேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது இடது தோளின் காறையெலும்பில் புதுக் கீறல். இடுப்பு தப்பித்தது. கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டி, அதில் கையைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். திங்கட்கிழமை சாலைச்செப்பனி வந்தது. மத்தியானத்துக்குள் இருபத்தாறு பள்ளங்களும் போய், வீதி கழுவிய கல் மாதிரி கிடந்தது. செவ்வாய்க்கிழமை வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு சத்தம் இல்லை. நான் வாசலில் நின்று வேன் முக்கு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவில்லை.

வியாழக்கிழமை வக்கீல் நல்லசிவம் பதினெட்டு அங்குலத்தை மாட்டிக்கொள்ளக் கடைக்கு வந்தார். மாட்டி முடித்ததும் எப்படி இருக்கிறது என்று ஒரு சுற்று போய்வந்து, மெத்தையில் மிதப்பது போல இருக்கிறது, என்ன இருந்தாலும் உன் கை கைதான் என்று பாராட்டினார். ரோடு எப்படி ஐயா இருக்கிறது என்று கேட்டேன்.

"ரோடா? போட்டுட்டாங்களா? எப்ப?"

இந்த மனிதரிடம் என்ன பேச? அவர்மேல் தப்பில்லை. ஏழு விரல் ரப்பருக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பழைய ரோடும் புது ரோடும் ஒன்றுதான். அந்த ரப்பரை அவருக்கு மாட்டியவன் நான். ஜாக்கைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் காலை நான்காம் குறுக்கு வீதியிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கையில் ஆரஞ்சுப் பழம். மரகதத்தின் உடல்நிலையை ரொம்பக் கரிசனமாக விசாரித்தார்கள். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள். அவர்கள் வீதியும் பதினான்கு வருடமாகப் பச்சையாகத்தான் இருக்கிறதாம். யார் ஏறினாலும் மூன்றைத் தாண்டவில்லையாம். அம்மா ஒரே நாளில் பத்து எடுத்ததாகக் கேள்விப்பட்டார்களாம். ஏதோ பரீட்சையில் மார்க் வாங்கியவள் மாதிரி. கார் தயாராக இருக்கிறது, கை சரியானதும் ஒரே ஒரு நாள் வந்து போனால் போதும் என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பழத்தைத் தூக்கி வீதியில் எறிந்துவிட்டேன். எழுந்து போங்கள் என்றேன். என் மனைவி என்ன வாடகைச் சாமானா என்று கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார்கள். அப்போது உள்ளே கட்டிலிலிருந்து மரகதம் கேட்டாள்.

"உங்க வீதில அந்த வேன்ல போறது யாருங்க?"

வேன் வருவது தெரியும் என்றார் ஒருவர். கடைசி வீடாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, ஒன்றும் தெரியவில்லை. பதினான்கு வருடம் ஒரே வீதி.

"மொதல்ல அது யாருன்னு, பேரு என்னன்னு கேட்டுட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

அவர்கள் போன பிறகு அவளோடு பெரிய சண்டை போட்டேன். இதற்கு ஒரு முடிவே கிடையாது, ஐந்தாம் வீதி வரும், ஆறாம் வீதி வரும், உன் எலும்பை ஊர் ஊராகக் கொண்டுபோய் உடைத்துக்கொண்டிருப்பாயா என்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எப்படியும் கேட்டுவர மாட்டார்கள், கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் நாலரைக்கு அவர்கள் வந்தார்கள். கடைசி வீட்டுக்காரி பெயர் சுகந்தி, முப்பத்தொரு வயது, பையன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான், அவளுக்கும் அதே நோய்தான், போன வருடமே இடுப்பு முறிந்துவிட்டது, இனி எந்தக் காரிலும் அவளை உட்கார வைக்க முடியாது என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பழம் கொண்டுவரவில்லை. ஒருவர் அழுதிருந்தார். முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பின்னால் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். மரகதம் தொட்டில் கட்டிய கையோடு குனிய முடியாமல், காலாலேயே கட்டிலடியில் துழாவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.